குன்னூர் – ஊட்டி பாசஞ்சர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அருவங்காட்டில் பிறந்து வளர்ந்தவள். கல்லூரிக்கு ஊட்டி போன மூன்று வருடமும், அப்புறம் அங்கேயே வேலை பார்த்த சில வருடங்களும் இந்த ரயிலில்தான் அதிகம் போய் வந்தேன். மலை ரயில் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மேட்டுப்பாளையத்தில் புகை விட்டுக்கொண்டு நிற்கும் நீராவி எஞ்சின்தான் ஞாபகம் வரும். எங்களுக்கு அது குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே ஓடுகிற பாசஞ்சர். சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே பதிலோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

இந்தத் தடத்தில் எந்தெந்த ஸ்டேஷன்கள் இருக்கின்றன?

குன்னூரில் புறப்பட்டால் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், கடைசியாக உதகமண்டலம். மொத்தம் ஏறக்குறைய 18 கிலோமீட்டர். ஒன்றேகால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். இந்த 18 கிலோமீட்டரும் மேட்டுப்பாளையத்தில் தொடங்கும் 46 கிலோமீட்டர் நீலகிரி மலை ரயில் பாதையின் மேல் பகுதி. கீழ்ப் பகுதியில் கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி என்று ஸ்டேஷன்கள் உண்டு. அவை காட்டுக்கு நடுவே இருப்பவை. எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கத்தான் ரயில் அங்கே நிற்கும், ஏறி இறங்க ஆட்கள் குறைவு. மேல் பகுதி அப்படியில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனையும் சுற்றி ஊர் இருக்கிறது, வீடுகள் இருக்கின்றன, வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் இது புறநகர் ரயிலா?

ரயில்வே கணக்கில் இல்லை. சென்னையில் தாம்பரம், ஆவடி பக்கம் ஓடுவது போன்ற மின்சார ரயிலும் இல்லை, பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டியும் இல்லை. ஒற்றைத் தண்டவாளம், மீட்டர் கேஜ், சில பெட்டிகள், ஒரு டீசல் எஞ்சின், அவ்வளவுதான். ஆனால் ஒரு புறநகர் ரயில் செய்யும் வேலையை இந்த ரயில் நூறு வருடத்துக்கு மேலாகச் செய்து வருகிறது. காலையில் பிள்ளைகளைப் படிக்கவும் பெரியவர்களை வேலைக்கும் கூட்டிப்போய், சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுகிறது. டாய் ட்ரெயின் என்று சொல்லும்போது எனக்கு மனசு கொஞ்சம் சுருங்கும். விடிகாலைக் குளிரில் குல்லாவும் மப்ளருமாகப் பிளாட்பாரத்தில் நின்றவர்கள் யாரும் விளையாட்டுக்காக நிற்கவில்லை.

மலைக்கு ரயில் எப்போது வந்தது?

சமவெளியிலிருந்து வந்த தடம் 1873-லேயே மேட்டுப்பாளையத்தை எட்டிவிட்டது. அதற்கு மேல் மலைச்சாலைதான்: மாட்டு வண்டி, குதிரை வண்டி, பல்லக்கு. மலைமேல் ரயில் போடும் யோசனை அதற்கும் முந்தையது, 1854-லேயே பேச்சு எழுந்தது. 1882-ல் சுவிட்சர்லாந்திலிருந்து ரிக்கன்பாக் என்ற பொறியாளரை வரவழைத்துப் பார்த்தார்கள். மலை ரயில் போடுவதில் பெயர் பெற்றவர் அவர். பிறகு கம்பெனி அமைத்து, 1891 ஆகஸ்டில் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடங்கி வைத்தார். அந்தக் கம்பெனி பணம் இல்லாமல் நொடித்துப்போனது. 1896-ல் புதிய கம்பெனி ஒன்று வேலையை எடுத்துக்கொண்டு முடித்தது. 1899 ஜூன் 15 அன்று மேட்டுப்பாளையம் – குன்னூர் தடம் திறக்கப்பட்டது.

ஊட்டிக்கு ஏன் அப்போதே போகவில்லை?

இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. முதல் ஒன்பது வருடம் ரயிலுக்குக் கடைசி ஊர் குன்னூர்தான். ஊட்டி போக வேண்டியவர்கள் அங்கே இறங்கி வண்டி மாறினார்கள். 1903-ல் அரசாங்கம் 35 லட்சம் ரூபாய் கொடுத்துத் தடத்தை வாங்கியது. அதன்பிறகு மேல் பகுதி வேலை நடந்து, 1908 செப்டம்பரில் ரயில் ஊட்டிக்கு முந்தைய ஸ்டேஷனான பெர்ன்ஹில் வரை போனது. அடுத்த மாதமே, அக்டோபர் 15 அன்று, ஊட்டியைத் தொட்டது. இந்த அக்டோபர் 15-ஐ இன்றும் ரயில் ஆர்வலர்கள் ஊட்டி ஸ்டேஷனில் கேக் வெட்டிக் கொண்டாடுகிறார்கள். ஜூன் 15 குன்னூருக்குப் பிறந்தநாள் என்றால், எங்கள் நான்கு சின்ன ஸ்டேஷன்களுக்கும் பிறந்த வருடம் 1908.

அருவங்காடு மாதிரி சின்ன ஊருக்கு எதற்கு ஒரு ஸ்டேஷன்?

வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறதே. 1900-களின் தொடக்கத்தில் அமைந்த கார்டைட் தொழிற்சாலை அது. கார்டைட் என்பது துப்பாக்கிக் குண்டையும் பீரங்கிக் குண்டையும் உந்தித் தள்ளும் புகை குறைந்த வெடிமருந்து. ரயில் வந்தபோது தொழிற்சாலை ஏற்கெனவே அங்கே இருந்தது. அதன் மதிலுக்கு வெளியே குவார்ட்டர்ஸ், கடைவீதி, பள்ளிக்கூடம் என்று ஓர் ஊரே வளர்ந்தது. சமவெளியிலிருந்து பிழைக்க வந்தவர்கள், பக்கத்து ஹட்டிகளிலிருந்து (படகர் இன மக்களின் கிராமங்களை அப்படித்தான் சொல்வோம்) வேலைக்கு வந்த படகர்கள், மலையாளம் பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரே லைனில் குடியிருந்தார்கள். என் அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தார். 2021 அக்டோபர் முதல் அது மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. ஊரில் இன்னும் ‘ஃபேக்டரி’ என்றால் அது ஒன்றுதான்.

ஸ்டேஷன் என்று பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு நீளமான சின்னக் கட்டடம், தாழ்வான பிளாட்பாரம், மரங்கள். நான் படித்த காலத்தில் ரயில் வரும் சத்தம் வெலிங்டன் பக்கத்து வளைவிலேயே கேட்டுவிடும். அதைக் கேட்டுவிட்டுக் கடைசி வாய் டீயைக் குடித்து, கையிலிருக்கும் வர்க்கியை முடித்துக்கொண்டு ஏறினாலும் நேரம் இருக்கும். அவ்வளவு நிதானமான வண்டி.

மற்ற மூன்று ஸ்டேஷன்களில் இறங்கினால் என்ன இருக்கிறது?

வெலிங்டன் பட்டாளத்து ஊர். ஜக்கதளா என்பது பழைய பெயர், பின்னாளில் வெலிங்டன் பிரபுவின் பெயர் வைத்தார்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையமும் முப்படை அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜும் இங்கேதான். லீவு முடிந்து தகரப் பெட்டியோடு இறங்கும் ஜவான்களை இந்த ஸ்டேஷனில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேத்தி என்னைக் கேட்டால் இந்தத் தடத்திலேயே அழகான இடம். ஸ்டேஷனிலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்கப் படிப்படியாக இறங்கும் கேரட், உருளைக்கிழங்கு, கோஸ் தோட்டங்கள். நடுநடுவே கூட்டம் கூட்டமாகப் படகர் ஹட்டிகள், ஓரங்களில் தேயிலை. டிசம்பர், ஜனவரி காலையில் உறைபனி விழுந்திருந்தால் அந்தத் தோட்டங்கள் மேல் உப்புத் தூவியது போல இருக்கும். பார்ப்பதற்கு அழகுதான், ஆனால் பயிர் கருகிவிடும். விவசாயி வீட்டுப் பிள்ளைகள் அதை ஜன்னலிலிருந்து பார்த்து ஒன்றும் பேசாமல் வருவார்கள்.

லவ்டேல் அமைதியான ஸ்டேஷன். 1858-ல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளி இந்த ஊரில் இருக்கிறது. யூகலிப்டஸ் வாசனை பெட்டிக்குள் வரும். லவ்டேலைத் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் ஊட்டி ஏரி தெரியும், எல்லோரும் பையைத் தோளில் மாட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

பெர்ன்ஹில் ஸ்டேஷன் என்ன ஆனது?

மூடிவிட்டார்கள். ரயில் இப்போது அங்கே நிற்பதில்லை. மைசூர் மகாராஜாவின் கோடை அரண்மனை அந்தப் பகுதியில் இருந்ததால் ஒரு காலத்தில் அது முக்கியமான இடமாக இருந்தது.

நீராவி எஞ்சின் ஏன் குன்னூரோடு நின்றுவிடுகிறது?

இதற்குச் சரிவுதான் காரணம். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை பாதை செங்குத்து. 12 அடி முன்னால் போனால் 1 அடி மேலே ஏற வேண்டும். சாதாரண இரும்புச் சக்கரம் அவ்வளவு ஏற்றத்தில் வழுக்கிவிடும். அதனால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டைப் பதித்திருக்கிறார்கள். ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் முறை இது. ஒரு பட்டையின் பல் இருக்குமிடத்தில் அடுத்த பட்டையில் பள்ளம் இருக்கும். எஞ்சினுக்கு அடியில் உள்ள பற்சக்கரம் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டே இருக்கும். இந்தியாவில் பற்சக்கரத்தில் ஏறும் ரயில் இது ஒன்றுதான்.

எக்ஸ் வகை என்று அழைக்கப்படும் எஞ்சின்கள் இதற்காகவே சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்டவை. நான்கு சிலிண்டர் இருக்கும். இரண்டு சிலிண்டர் சாதாரணச் சக்கரத்துக்கு, மற்ற இரண்டு பற்சக்கரத்துக்கு. முதல் இரண்டில் வேலை முடித்த நீராவியே அடுத்த இரண்டுக்கும் போகும். 2011-க்குப் பிறகு அதே வகையில் எண்ணெயில் ஓடும் நான்கு எஞ்சின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே செய்தார்கள். விண்டர்தூரில் செய்ததை நம் பொன்மலையில் செய்தது எனக்கு இன்றும் பெருமையான விஷயம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஏறும்போது எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னால் நின்று தள்ளும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்மேன் நின்றுகொண்டே வருவார்.

குன்னூரில் செங்குத்து ஏற்றம் முடிகிறது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், குன்னூர் சுமார் 1,710, ஊட்டி சுமார் 2,200. அதாவது ஏற வேண்டியதில் பெரும்பங்கை ரயில் குன்னூருக்குள்ளேயே ஏறிவிடுகிறது. மிச்சம் 500 மீட்டருக்கும் குறைவு, அதை 18 கிலோமீட்டரில் நிதானமாக ஏறலாம். பல் பட்டை தேவையில்லை. அதனால் நீராவி எஞ்சின் குன்னூர் ஷெட்டுக்குப் போய்விடும், டீசல் எஞ்சின் மாட்டிக்கொள்ளும். வேகமும் மாறும். பல் பட்டைப் பகுதியில் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, மேல் பகுதியில் 30 வரை போகலாம்.

குன்னூரில் ரயில் கொஞ்ச தூரம் பின்னால் போகிறதே, ஏதாவது கோளாறா?

இல்லை, பயப்பட வேண்டாம். குன்னூர் ஒரு காலத்தில் கடைசி ஸ்டேஷன் என்று மேலே சொன்னேன் இல்லையா? மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் வண்டி ஸ்டேஷனுக்குள் வந்து, பின்னால் நகர்ந்து, அப்புறம்தான் ஊட்டித் தடத்தில் ஏறும். முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும் ஜன்னலில் எட்டிப் பார்ப்பார்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை ரயில்? நேரம் என்ன?

மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10-க்குப் புறப்படும் வண்டி மதியம் 12 மணிவாக்கில் ஊட்டி சேரும். அதே வண்டி மதியம் 2 மணிக்குத் திரும்பும். சென்னையிலிருந்து இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் இந்தக் காலை வண்டியைப் பிடிக்கலாம். இதைத் தவிர குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே மட்டும் ஓடும் பாசஞ்சர்கள் தினமும் சில உண்டு. காலையில் குன்னூரிலிருந்து கிளம்பும் முதல் வண்டி முக்கால் எட்டு வாக்கிலும், ஊட்டியிலிருந்து இறங்கும் கடைசி வண்டி மாலை ஐந்தரை வாக்கிலும் இருக்கும். நேரம் அவ்வப்போது மாறும், கிளம்பும் முன் ரயில்வே அட்டவணையை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தடம் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தில் வருகிறது. 2007-ல் சேலம் கோட்டம் உருவாகும்வரை பாலக்காட்டுக்குக் கீழ் இருந்தது.

டிக்கெட் எப்படி எடுப்பது?

முன்பதிவு செய்யலாம், செய்யாமல் கவுண்டரில் சாதாரண டிக்கெட்டும் எடுக்கலாம். வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறீர்கள் என்றால் முன்பதிவுதான் நல்லது, அதுவும் ஏப்ரல், மே என்றால் சீக்கிரமே. 2018-ல் கட்டணத்தைக் கூட்டினார்கள். அதற்கு முன் பஸ் கட்டணத்தைவிட மிகக் குறைவாக இருந்தது. தினமும் போய் வருகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் மாதக் கடைசியில்தான் உறைத்தது.

பஸ்ஸில் போகலாமா, ரயிலில் போகலாமா?

அவசரம் என்றால் பஸ். குன்னூர் – ஊட்டி பஸ் அடிக்கடி உண்டு, ரயிலைவிட வேகம். 2024-லிருந்து மலைப்பகுதியிலும் அரசின் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. தினமும் வேலைக்குப் போகும் என் தோழிகள் பலர் அதன்பிறகு பஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள், அதில் தப்பே இல்லை.

ஆனால் வளைவுச் சாலையில் தலை சுற்றி வாந்தி வருகிறவர்கள், முழங்கால் வலியோடு பஸ்ஸில் நிற்க முடியாத பெரியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், இவர்களுக்கு ரயில்தான் சுகம். என் அம்மாவை ஊட்டியில் கண் டாக்டரிடம் அழைத்துப்போன நாட்களில் எல்லாம் ரயில்தான். பஸ்ஸில் கொண்டையூசி வளைவு எண்ணிக்கொண்டே கண்ணை மூடி வருகிறவர், ரயிலில் கேத்தி வந்ததும் ஜன்னலைத் தூக்கிவிட்டு வேடிக்கை பார்ப்பார்.

சீசனில் உள்ளூர்க்காரர்களுக்கு இடம் கிடைக்குமா?

கஷ்டம். மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் சிறப்பு ரயில்கள் விட்டாலும் கூட்டம் தாங்காது. ஒரு மே மாதம் நானும் இன்னும் பத்துப் பதினைந்து பேரும் அருவங்காட்டில் ரயில் நின்றும் ஏற முடியாமல், அது போவதைப் பார்த்துவிட்டு மேலே ரோட்டுக்கு நடந்தோம். எங்களில் ஒரு பெண்ணுக்கு அன்று பரீட்சை. ஓடிப்போய் ஒரு பிக்கப் வண்டியை நிறுத்தி ஏற்றிவிட்டோம். சுற்றுலா வருகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் வருவதால்தான் இந்தத் தடத்துக்கு மதிப்பு இருக்கிறது, ஊருக்கும் பிழைப்பு இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு பெட்டியையாவது நடுவில் ஏறுகிறவர்களுக்கு என்று ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். நூறு வருடமாக இந்த ரயிலை வேலைக்கும் படிப்புக்கும் நம்பியிருக்கிறவர்கள் கேட்பது அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் ரயில் ஓடுமா?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கல்லாறு – குன்னூர் நடுவே மண் சரிந்து, பாறை விழுந்து, மரம் சாய்ந்து பாதை அடைபடுவது அநேகமாக ஒவ்வொரு வருடமும் நடக்கும். ‘மலை ரயில் ரத்து’ என்று செய்தியில் வந்தால் பெரும்பாலும் அந்தக் கீழ்ப் பகுதியைத்தான் சொல்வார்கள். மேலே குன்னூர் – ஊட்டி வண்டி பல சமயம் அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். செய்தியின் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் பயணத்தை விட்டுவிடாதீர்கள், எந்தப் பகுதி என்று உள்ளே படித்துப் பாருங்கள்.

மேல் பகுதிக்கு ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2009 நவம்பர் மழையில் கேத்திப் பக்கம் உட்பட மாவட்டம் முழுக்க மலை இடிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். ரயில் பாதையும் பல இடத்தில் அடித்துக்கொண்டு போனது. சரிவில் இருந்த வீடுகள் இருந்த இடம் தெரியாமல் போனதைக் கண்ணால் பார்த்த ஊர் இது. அதற்குப் பிறகு இரவில் விடாமல் மழை பெய்தால் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை.

ரயிலில் வந்தால் இ-பாஸ் வேண்டுமா?

வேண்டாம். 2024 மே மாதம் முதல் வெளியூர் வாகனங்கள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பது உயர் நீதிமன்ற உத்தரவு. அது சொந்த வண்டிக்கும் வாடகை வண்டிக்கும்தான். ரயிலிலும் அரசு பஸ்ஸிலும் வருகிறவர்களுக்குத் தேவையில்லை.

யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது நீராவிப் பகுதி மட்டும்தானா?

முழுத் தடமும். 2005 ஜூலையில் மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை மொத்தப் பாதையையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். டார்ஜிலிங் ரயில் அதற்கு முன்பே பட்டியலில் இருந்தது, கல்கா – சிம்லா 2008-ல் சேர்ந்தது. எங்கள் அருவங்காட்டுப் பிளாட்பாரமும் உலகப் பாரம்பரியத்தில் ஒரு துண்டு என்பதை ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கையில் என்ன எடுத்து வர வேண்டும்?

வெயில் அடித்தாலும் ஒரு ஸ்வெட்டர். லவ்டேல் தாண்டியதும் மிஸ்ட் இறங்கினால் பத்து நிமிடத்தில் குளிர் ஏறிவிடும். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை. படம் எடுக்கக் கதவில் தொங்க வேண்டாம். பாலமும் பாறைச் சுவரும் பெட்டியை உரசுவது போல வரும். தண்டவாளத்தில் நடந்து போவதையும் விட்டுவிடுங்கள். ரயிலுக்காக மட்டும் சொல்லவில்லை, வெலிங்டன், அருவங்காடு பக்கம் காட்டெருமைகள் சாதாரணமாகத் தடத்தின் மேல் வந்து நிற்கும்.

ஊட்டியில் மாலைக் கடைசி ரயிலைத் தவறவிட்டால் என்ன செய்வது?

பஸ் ஸ்டாண்ட் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, நடந்தே போகலாம். குன்னூர் பஸ் எதில் ஏறினாலும் கேத்தி பிரிவு, அருவங்காடு, வெலிங்டன் வழியாகத்தான் போகும். கேத்தி ஊருக்குள் போகிறவர்கள் மட்டும் கண்டக்டரிடம் பிரிவில் நிற்குமா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். இருட்டிய பிறகு அங்கிருந்து தனியாக நடக்காமல், வீட்டிலிருந்து யாரையாவது டார்ச்சோடு வரச் சொல்லுங்கள்.